மேடையில் பாடும் வரலாறு: எந்தப் பிழையை விடலாம், எதை விடக் கூடாது?

ஒரு வாசகர் கேட்டது, செப்டம்பர் 4

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனைப் பற்றிய 'ஹாமில்டன்' இசை நாடகத்தின் ஒளிப்பதிவைப் பார்த்து முடித்த கையோடு உண்மையில் நடந்ததைத் தேடிப் படித்தேன். ஏகப்பட்டதை மாற்றியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் வரலாற்றை இசை நாடகமாகப் போடுகிறவர் ஒரு தேதியைக்கூட மாற்றக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்றால் ஆட்களுக்கு வேறு பெயர் வைத்துக் கற்பனைக் கதை என்று சொல்லிவிட வேண்டும். இதுதான் என் கட்சி. யாராவது மறுக்கிறீர்களா?

செப்டம்பர் 4, இரவு

நான் மறுக்கிறேன். தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஒரு நாடகமும் தேறாது. '1776' என்று ஒரு பழைய பிராட்வே நாடகம், 1969இல் வந்தது, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய கதை. அதற்குப் பாட்டும் மெட்டும் போட்ட ஷெர்மன் எட்வர்ட்ஸ் ஒரு காலத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். அவரே கடைசிக் காட்சியில் ஜூலை 4 அன்று எல்லாரையும் வரிசையாக வரவழைத்துக் கையெழுத்து வாங்குகிறார். உண்மையில் பிரிட்டனை விட்டுப் பிரிவது என்ற தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது ஜூலை 2. பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது ஜூலை 4. பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. மூன்றையும் தனித்தனியாகக் காட்டினால் இரண்டு காட்சிகளில் பார்வையாளர் தூங்கிவிடுவார். ஒரே நாளாக்கியதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஜூலை 2ஆம் தேதியைத்தான் வருங்காலம் கொண்டாடப்போகிறது என்று அந்த வாக்கெடுப்பில் இருந்த பிரதிநிதி ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதமே எழுதினார். நாடே அதைக் கேட்கவில்லை, நாடகக்காரரை மட்டும் ஏன் பிடித்து உலுக்க வேண்டும்.

செப்டம்பர் 5

"அப்படியானால் ஏஞ்சலிகா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 'ஹாமில்டன்' மேடையில் ஏஞ்சலிகா ஸ்கைலர் மணமாகாத மூத்த பெண். ஹாமில்டன் மேல் ஆசை வருகிறது, ஆனால் அப்பாவுக்கு மகன் இல்லை, குடும்பத்துக்காகப் பணக்காரனைக் கட்டிக்கொள்ள வேண்டிய பொறுப்பு தன் தலையில் இருக்கிறது என்று விட்டுக்கொடுக்கிறாள். உண்மையில் அவர் 1777இலேயே வீட்டுக்குத் தெரியாமல் ஜான் சர்ச் என்பவரை மணந்துகொண்டு போய்விட்டார். ஹாமில்டன் பின்னாளில் மணந்த தங்கை எலைசாவோடு நெருங்கியது 1780இல். அப்பா ஸ்கைலருக்கு மகன்களும் இருந்தார்கள். ஆக அந்தத் தியாகத்துக்கு ஆதாரம் கிடையாது.

இது தேதிப் பிழையைவிட ஒரு படி மேல்தான். ஆனாலும் என்னால் கோபப்பட முடியவில்லை. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அறிவு எவ்வளவு இருந்தாலும் போக்கிடம் எவ்வளவு குறைவு என்பதை அந்தப் பாட்டு சொல்கிறது, அது பொய்யில்லை. வீட்டை எதிர்த்து ஓடிப்போன உண்மை ஏஞ்சலிகா இன்னும் சுவாரசியமான ஆள் என்பது வேறு விஷயம். யோசித்துப் பார்த்தால் எனக்கு அதுதான் லேசாக உறுத்துகிறது.

செப்டம்பர் 5, சற்று நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். அதே நாடகத்தில், மார்த்தா வாஷிங்டன் தன் திமிர்பிடித்த ஆண் பூனைக்கு ஹாமில்டன் என்று பெயர் வைத்தார் என்று ஒரு பாத்திரம் சொல்ல, ஹாமில்டன் பார்வையாளரைப் பார்த்து அது உண்மைதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். அந்த ஒன்றுதான் பச்சைப் பொய். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் தரப்பில் யாரோ எழுதிய நையாண்டி அது. வேடிக்கை என்னவென்றால் நாடகத்துக்கு மூலமான ரான் செர்னோவின் வாழ்க்கை வரலாற்று நூலிலேயே அது இருந்தது. மெனக்கெட்டு உண்மை என்று முத்திரை குத்திய இடத்தில் போய் விழுந்திருக்கிறார்கள், பாவம்.

செப்டம்பர் 7

சொந்த அனுபவத்தைச் சொல்லாமல் இதைத் தொடர முடியாது. ஓர் அமெச்சூர் குழுவின் வரலாற்று நாடகத்துக்கு நான் பாட்டு எழுதியிருக்கிறேன். எந்த நாடகம் என்பது வேண்டாம், யாருக்கும் தெரியாத ஒன்று. மூன்று அமைச்சர்கள் கதையில் இருந்தார்கள், பாடத் தெரிந்த நடிகர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார், மூன்று பேரும் ஒருவராகிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. மூவரும் ஒரே கட்சி, ஒரே வாதம்.

சண்டை வந்தது நான்காவது ஆளை வைத்து. அரசனோடு சேரலாமா வேண்டாமா என்று கடைசிவரை தயங்கிய ஒருவர். அவருக்குத் தயங்கக் காரணம் இருந்தது, அதை ஒரு சரணத்தில் எழுதியிருந்தேன். ஒத்திகையில் நேரம் நீளுகிறது என்றதும் முதலில் வெட்டியது அந்தச் சரணத்தை. பல்லவி மெட்டு நன்றாக இருக்கிறது, அது இருக்கட்டும் என்றார்கள். காரணம் போனதும் மேடையில் நின்றது வெறும் கோழை. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை, யாரும் வரலாற்றைத் திரிக்க உட்காரவில்லை. ஒரு பாட்டு மூன்று நான்கு நிமிடம், அதில் ஓர் உணர்ச்சிக்குத்தான் இடம், இரண்டு காரணம் சொன்னால் தாளம் தளர்ந்துவிடுகிறது. இசை நாடகத்தில் முதலில் பலியாவது காரணம்தான். தேதி அதற்கு அப்புறம்.

என் அளவுகோல் அங்கே பிறந்தது. யார், எப்போது, எத்தனை பேர் என்பதை மாற்றட்டும். ஏன் என்பதை மாற்றினால் கேட்பேன்.

செப்டம்பர் 8

அந்த அளவுகோலை '1776' மேலேயே வைத்துப் பார்ப்போம், முதல் நாள் நான் வக்காலத்து வாங்கிய நாடகம்தானே.

குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய சபையான காங்கிரசில் பென்சில்வேனியாவின் வாக்கு யார் பக்கம் போகும் என்பதுதான் உச்சக்கட்டம். மேடையில் ஜேம்ஸ் வில்சன் என்றொருவர், சுதந்திரத்தை எதிர்க்கும் சக பென்சில்வேனியப் பிரதிநிதி டிக்கின்சனுக்கு ஆமாம் சாமி போடும் பயந்தாங்கொள்ளி. சுதந்திரத்தைத் தடுத்த ஒற்றை ஆள் என்று நாளைக்கு ஊர் பேசுமே என்ற பயத்தில் கடைசி நிமிடத்தில் பிளேட்டைத் திருப்பிப் போடுகிறார். கைதட்டல், சிரிப்பு.

நிஜ வில்சன் யார்? குடியேற்றங்களின் மேல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று 1774இல் புத்தகம் போட்டவர். பின்னாளில் அரசியல் சாசனத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவர். 1776இல் அவர் தயங்கியது, தன்னை அனுப்பிய மக்களின் சம்மதம் தெரியாமல் வாக்களிக்க மாட்டேன் என்பதால். ஜனநாயகத்தில் அதைவிட மரியாதையான தயக்கம் எது?

வாக்கு எப்படித் திரும்பியது தெரியுமா? பிரகடனத்தை எதிர்த்த டிக்கின்சனும் ராபர்ட் மாரிசும் ஜூலை 2 அன்று இருக்கைக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஐவரில் பிராங்க்ளின், வில்சன், மார்ட்டன் மூவர் ஆம், இருவர் இல்லை. தோற்கப்போகிறவர் தன் கொள்கையையும் விடாமல், நாட்டின் ஒற்றுமையையும் கெடுக்காமல், நடந்து வெளியே போகிறார். இதைவிட நல்ல காட்சியை எவனாவது கற்பனையில் எழுத முடியுமா? உண்மை மந்தமாக இருந்ததால் மாற்றினோம் என்ற சாக்கு இங்கே எடுபடாது.

செப்டம்பர் 8, நள்ளிரவு

டிக்கின்சனைப் பற்றி இன்னும் கொஞ்சம், தூக்கம் வரவில்லை. நாடகத்தில் அவர்தான் வில்லன். பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்சன் நாயகர் வரிசை. அடிமைகளைப் பற்றிய விவாதத்தில் ஜெஃபர்சன் தன் அடிமைகளை விடுவிக்கத் தீர்மானித்துவிட்டதாக வசனம் பேசுகிறார். வாழ்நாள் முழுக்க 600க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர், அதில் விடுவித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. டிக்கின்சனோ 1777இல் நிபந்தனையோடும், 1786க்குள் நிபந்தனை இல்லாமலும் தன் அடிமைகளை விடுவித்துவிட்டார். யார் நல்லவர் யார் கெட்டவர் என்று மெட்டு முடிவு செய்துவிட்டால் அப்புறம் கணக்குப் புத்தகத்தை யார் திறக்கிறார்கள்.

செப்டம்பர் 10

ஒருவர் எழுதியிருக்கிறார்: "காங்கிரசில் என்ன பேசினார்கள் என்பது நாடகக்காரருக்கு எப்படித் தெரியும்?" தெரியாது. கூட்டம் மூடிய கதவுக்குள் நடந்தது. செயலர் சார்லஸ் தாம்சன் தீர்மானத்தையும் வாக்கையும் மட்டும் குறித்தார், பேச்சைக் குறிக்கவில்லை. மிச்சமெல்லாம் கடிதங்கள், பிற்கால நினைவுகள்.

அதில் ஒரு வேடிக்கை. நாடகம் முழுக்க ஆடம்ஸ் எல்லாராலும் வெறுக்கப்பட்ட எரிச்சல் பேர்வழி. இது பல தடவை வந்து சிரிப்பு வாங்கும். ஆதாரம் உண்டு, இல்லாமல் இல்லை. ஆதாரம் ஆடம்ஸே. 1822இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, திமத்தி பிக்கரிங் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. 1776இல் கூட இருந்தவர்கள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை, நினைத்திருந்தால் முக்கியமான குழுக்களில் எல்லாம் அவரைப் போட்டிருப்பார்களா? கிழவர் தன்மேல் தானே ஒட்டிக்கொண்ட முத்திரை, நாடகத்தில் ஊர் ஒட்டிய முத்திரையாகிவிட்டது. இதில் எழுதியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆவணத்தை நம்பியவனை எப்படித் திட்டுவது.

செப்டம்பர் 11

இழை திசைமாறுகிறது, பரவாயில்லை. 1972இல் '1776' திரைப்படமானபோது, பழமைவாதிகளைக் கிண்டலடிக்கும் ஒரு பாட்டைத் தயாரிப்பாளர் ஜாக் வார்னர் வெட்டினார். கேட்டவர் வெள்ளை மாளிகையில் இருந்த நண்பர் நிக்சன். பல வருடம் கழித்துத்தான் பாட்டு திரும்பிச் சேர்ந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஆட்கள் பாடும் பாட்டு நடப்பு அதிபருக்குச் சுட்டிருக்கிறது பாருங்கள். வரலாற்று நாடகம் எந்தக் காலத்தைப் பற்றியது என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன்.

செப்டம்பர் 13

'ஹாமில்டன்' பக்கம் திரும்புவோம், கேள்வி கேட்டவர் காத்திருக்கிறார்.

மேடைக் கணக்கு இது: மகன் பிலிப் துப்பாக்கிச் சண்டையில் சாகிறான், துக்கத்தில் ஒதுங்கியிருந்த தந்தை 1800 அதிபர் தேர்தலில் தன் அரசியல் எதிரி ஆரன் பர்ரை விட்டு ஜெஃபர்சனை ஆதரிக்கிறார், பர்ர் கொதித்துப்போய்ச் சண்டைக்கு அழைக்கிறார், ஹாமில்டன் சாகிறார். கோர்வை அபாரம். ஆனால் பிலிப் இறந்தது 1801 நவம்பரில், தேர்தலும் பதவியேற்பும் முடிந்த பிறகு. ஹாமில்டன் சுடப்பட்டது 1804 ஜூலையில். இடையில் பர்ர் துணை அதிபராகவே இருந்தார். சண்டைக்குக் காரணமானது 1804இல் அவர் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றதும், அந்தப் பிரச்சாரத்தின்போது ஹாமில்டன் ஒரு விருந்தில் பர்ரைப் பற்றி இழிவாகப் பேசினார் என்று ஆல்பனி பத்திரிகையில் வெளியான ஒரு கடிதமும்.

இந்த மாற்றம் எந்த வகை? முதலில் தேதி வகை என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எல்லாம் இரண்டு பேரின் பொறாமையாகச் சுருங்கும்போது அன்றைய அரசியலின் நாற்றம் முழுக்க மறைந்துவிடுகிறது. பத்திரிகை, விருந்துப் பேச்சு, மானம் போனால் வாக்கு போய்விடும் என்ற நிலை, இதெல்லாம்தான் அந்தத் துப்பாக்கியைத் தூக்க வைத்தது. இன்னொரு பக்கம், அதையெல்லாம் பாடவைக்க இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும், நாடகமோ ஏற்கெனவே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். என் சரணத்தை வெட்டியவர்கள் ஞாபகம் வருகிறார்கள்.

அதோடு ரெனால்ட்ஸ் விவகாரம், அதாவது ஹாமில்டன் மரியா ரெனால்ட்ஸோடு வைத்திருந்த கள்ளத்தொடர்பு. 1792இல் ஹாமில்டனைக் கேள்வி கேட்கப் போனவர்கள் மன்ரோ, மியூலன்பர்க், வெனபிள். மேடையில் ஜெஃபர்சன், மேடிசன், பர்ர். இது எனக்குத் துளியும் பொருட்டில்லை. புதிதாக மூன்று பேரை அறிமுகம் செய்து, வேஷம் போட்டு, ஒரு காட்சியோடு அனுப்புவதா?

செப்டம்பர் 14

அடிமை முறையைப் பற்றி நான் பேசாமல் நழுவுவதாக ஒருவர் சொல்கிறார். நழுவவில்லை, வருகிறேன்.

'ஹாமில்டன்' மேடையில் வாஷிங்டனாகவும் ஜெஃபர்சனாகவும் நிற்பவர்கள் கறுப்பின, லத்தீன் அமெரிக்க நடிகர்கள். அது பிழை இல்லை, அது நாடகத்தின் பார்வை, யார் கண்ணுக்கும் மறைக்காமல் செய்தது. பிழை வேறு இடத்தில். ஸ்கைலர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். ஹாமில்டன் அடிமை ஒழிப்புச் சங்கத்தில் இருந்தார் என்பது உண்மை, மாமனார் குடும்பத்துக்காக அடிமை வாங்கும் விற்கும் பணத்தைக் கையாண்டார் என்பது அவருடைய கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. நாடகம் முதல் பாதியை மட்டும் பாடுகிறது. கறுப்பின நடிகர்கள் நிறைந்த மேடையில், அந்தக் காலத்தில் வாழ்ந்த கறுப்பின மனிதர் ஒருவர்கூடப் பெயர் சொல்லிப் பாடும் பாத்திரமாக இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் 2016 வாக்கிலேயே எழுதினார்கள். அந்த விமர்சனத்தைப் படித்த பிறகு நாடகத்தை என்னால் பழைய மாதிரி கேட்க முடியவில்லை. கேட்பதை நிறுத்தவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய '1776' இதில் துணிச்சல். ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வியாபாரத்துக்கு மன்னரைக் குற்றம் சாட்டிய பத்தியைக் காங்கிரஸ் நீக்கியது. தெற்குக்காரரான ரட்லெஜ் எழுந்து, கப்பல் உங்களுடையது, லாபமும் உங்களுடையது என்று வடக்கைப் பார்த்துப் பாடுகிறார். ரட்லெஜ் தலைமையில் எல்லாரும் வெளிநடப்பு செய்தது கற்பனை. ஆனால் வடக்கத்திக்காரர்களுக்கும் அந்தப் பத்தி உறுத்தியது, அவர்களும் அந்த வியாபாரத்தில் கைவைத்தவர்கள் என்று ஜெஃபர்சனே குறித்து வைத்திருக்கிறார். நிகழ்ச்சி பொய், காரணம் உண்மை. என் கணக்கில் தேர்ச்சி.

செப்டம்பர் 15

"'லே மிசரபிள்' பிரெஞ்சுப் புரட்சியைத் தப்பாகக் காட்டுகிறதே?" என்று கேட்டவருக்கு: அது 1789 இல்லை ஐயா. 1832 ஜூன் மாதப் பாரிஸ் கிளர்ச்சி, ஜெனரல் லமார்க்கின் சவ ஊர்வலத்தில் வெடித்து மறுநாளே அடங்கியது. நாடகம் சரியாகத்தான் சொல்கிறது.

'சவுண்ட் ஆஃப் மியூசிக்' குடும்பம் மலையேறி சுவிட்சர்லாந்துக்குத் தப்பவில்லை, ரயிலேறி இத்தாலிக்குப் போனது. சால்ஸ்பர்க்கிலிருந்து அந்த மலையைத் தாண்டினால் ஹிட்லரின் மலைவீடு இருந்த ஜெர்மன் பக்கம்தான் வந்து சேர்வார்கள்.

செப்டம்பர் 17

அடுத்தவன் நாட்டு வரலாற்றைப் பாடும்போது என்ன ஆகிறது என்பதற்கு 1951இல் வந்த 'தி கிங் அண்ட் ஐ' போதும். சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் அரசர் மோங்குட் அதில் அரைகுறை நாகரிகம் கொண்ட, ஆனால் மனசு நல்ல முரடர். ஆங்கில ஆசிரியை அன்னா வந்து திருத்துகிறார். அரசர் கடைசியில் மனம் நொறுங்கிச் சாகிறார், அன்னா பக்கத்தில் இருக்கிறார்.

மோங்குட் 27 வருடம் துறவியாக இருந்துவிட்டு அரியணை ஏறியவர். பாலியும் ஆங்கிலமும் வானியலும் படித்தவர். 1868 ஆகஸ்டில் நிகழ்ந்த முழு சூரிய கிரகணத்தைத் தானே கணக்கிட்டு, வெளிநாட்டவரையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனார். போன இடத்தில் மலேரியா பிடித்து அக்டோபரில் இறந்தார். அன்னா முந்தைய ஆண்டே சயாமை விட்டுக் கிளம்பிவிட்டார். அன்னா லியோனோவென்சும் தன்னைப் பற்றி எழுதியதில் நிறையப் புனைந்தவர், இந்தியாவில் பிறந்ததை மறைத்து வேல்ஸில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டவர். ஆக, புனைவின் மேல் புனைவு, அதன் மேல் மெட்டு. தாய்லாந்தில் அந்த நாடகத்தின் திரைப்படத்துக்குத் தடை போட்டார்கள். தடையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கிரகணம் கணக்கிட்ட அரசரைப் பாடம் கேட்கும் மாணவராக்கினால் அந்த நாட்டுக்காரனுக்கு வயிறு எரியாதா.

அர்ஜென்டினாவுக்கும் இதே பாடு. அந்நாட்டு அதிபரின் மனைவி எவா பெரோனைப் பற்றி லண்டனில் 1978இல் மேடையேறிய 'எவிடா'வைப் பார்த்து, நம் எவிடாவை நாமே பாடிக்கொள்கிறோம் என்று அங்கேயே ஒரு இசை நாடகம் பிறந்தது, நாச்சா கெவாரா நடித்தது, 1986இல். தடை போடுவதைவிட எதிர்ப்பாட்டு நல்ல வழி.

செப்டம்பர் 17, பின்குறிப்பு

நம் பக்கம் எதுவும் இல்லையா என்கிறார்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இருக்கிறதே. பெரிய புராணத்துத் திருநாளைப்போவாருக்கு, தில்லைக்குப் போக விடாமல் வேலை வாங்கும் வேதியர் முதலாளி கிடையாது. அவரைப் பாரதிதான் கொண்டுவந்தார். இன்று நந்தனார் என்றால் நினைவுக்கு வருவது அந்த வேதியரோடுதான். பாட்டுக்கு முன்னால் மூலநூல் நிற்காது. இங்கே நான் பாரதி பக்கம், ஏனென்றால் அவர் சேர்த்தது காரணத்தை.

செப்டம்பர் 20

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லிவிட்டு விடுகிறேன். 'பசிபிக் ஓவர்ச்சர்ஸ்', 1976, இசை ஸ்டீபன் சோண்ட்ஹைம், எழுத்து ஜான் வெய்ட்மன். அமெரிக்கக் கப்பற்படைத் தளபதி பெர்ரி ஜப்பானின் கதவைத் தட்டிய கதை. பேச்சுவார்த்தை நடந்த கூடத்துக்குள் என்ன பேசினார்கள் என்பதற்கு ஜப்பானியர் பதிவு இல்லை என்று நாடகமே சொல்லிவிடுகிறது. அப்புறம் ஒரு கிழவர் வந்து, சிறுவனாக இருந்தபோது மரத்தில் ஏறிப் பார்த்தேன் என்கிறார். பார்த்தார், கேட்கவில்லை. தரைக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு வீரன் கேட்டான், பார்க்கவில்லை. மூவரும், அதாவது கிழவர், அவரே சிறுவனாக, அந்த வீரன், சேர்ந்து பாடுகிறார்கள். தெரியாததை மறைக்காமல் தெரியாததையே பாட்டாக்கியிருக்கிறார்கள். இப்படியும் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஒத்திகையில் இன்னும் கொஞ்சம் உரக்கச் சண்டை போட்டிருப்பேன்.

அதே நாடகம், அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய ஜப்பானிய மீனவர் மான்ஜிரோவைக் கொலைகார வெறியனாக்கிவிடுகிறது, அவரோ மொழிபெயர்ப்பாளராகவும் ஆசிரியராகவும் இருந்தவர், 1898இல் இறந்தார். முழு மதிப்பெண் யாருக்கும் இல்லை.

செப்டம்பர் 21

"அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கேள்வி கேட்டவர் பொறுமை இழந்துவிட்டார். '1776' அச்சுப் பிரதியின் கடைசியில் ஆசிரியர்கள் ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள்: எதை மாற்றினோம், எதை ஊகித்தோம், எதைச் சேர்த்தோம், எதை நீக்கினோம் என்று வகை பிரித்து. ஜெஃபர்சனின் மனைவியைப் பிலடெல்பியாவுக்குக் கூட்டிவந்து பாடவைத்தது போன்றவை அதில் சேரும், நோயில் வர்ஜீனியாவில் கிடந்தவர் அவர். அந்தக் குறிப்பைப் புத்தகத்தில் புதைக்காமல் அரங்கில் கொடுக்கும் கையேட்டில் இரண்டு பக்கம் அச்சடித்தால் போதும். இடைவேளையில் படித்துவிட்டு இரண்டாம் பாதிக்குச் சண்டை போடும் மனநிலையோடு திரும்பட்டும்.

பெயரை மாற்று என்ற உங்கள் யோசனையை மட்டும் ஏற்க மாட்டேன். பெயரை மாற்றிவிட்டால் நீங்கள் தேடிப் படித்தே இருக்க மாட்டீர்கள்.